பழைய காரின் புஷ்கள்: எது வழுக்குகிறது, எது முறுக்கிக்கொள்கிறது?

"பழைய கார் என்றால் ஸ்டீயரிங் கொஞ்சம் லூசாகத்தான் இருக்கும்" என்று பலர் சொல்வார்கள். இதை நான் ஏற்பதில்லை. 1930களிலும் 1950களிலும் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் அந்தக் கார்கள் திருப்பிய பக்கம் திரும்பின; பள்ளத்தில் இறங்கும்போது 'கடக்' என்று சத்தம் போடவில்லை. இன்று அதே கார் சாலையில் இடமும் வலமுமாக அலைகிறது என்றால், அதைப் படைத்தவர்களைக் குறை சொல்வதற்கு முன் சில சின்ன வளையங்களைப் பார்க்க வேண்டும். அவைதான் புஷ்கள். எஞ்சினுக்கும் பெயின்டுக்கும் செலவழிக்கிற கவனத்தில் ஒரு பங்கை இவற்றுக்குக் கொடுத்தாலே கார் வேறு வண்டிபோல ஓடும்.

இரண்டு பாகங்கள் ஓரிடத்தில் இணைந்திருக்க வேண்டும், ஆனால் ஒன்று மற்றொன்றைச் சார்ந்து அசையவும் வேண்டும் என்ற நிலை வரும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பின்னும் ஒரு துளையும் இருக்கும். அந்தப் பின்னுக்கும் துளைக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது புஷ். பட்டை ஸ்பிரிங்கின் இரு முனைக் கண்கள், அதைத் தாங்கும் ஷேக்கிள், முன் சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கவை வடிவ விஷ்போன் கைகளின் முனைகள், முன் சக்கரம் திரும்புவதற்கான கிங் பின், ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து கீழே இறங்கும் தண்டு, ஸ்டீயரிங் இணைப்புத் தண்டுகளை மறுபக்கத்தில் தாங்கும் ஐட்லர் ஆர்ம் என எல்லா இடத்திலும் ஏதோ ஒரு வகை புஷ் உண்டு. அதற்கு இரண்டு வேலை. வேண்டிய திசையில் அசைவை விட வேண்டும், வேண்டாத திசையில் விடக்கூடாது. தேய்மானம் வந்தால் விலை உயர்ந்த பின்னோ, வார்ப்பு இரும்பு உறுப்போ தேயாமல் தானே தேய்ந்துகொள்வதும் அதன் கடமைதான்.

புதிதாகக் கற்றுக்கொள்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த புஷ் ரப்பரா உலோகமா என்பதல்ல. இது எப்படி அசைவை அனுமதிக்கிறது என்பதுதான். பதில் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்: ஒன்று, பின் உள்ளே வழுக்கிச் சுழலும். அல்லது, எதுவுமே வழுக்காமல் நடுவிலுள்ள பொருள் முறுக்கிக்கொண்டு மறுபடி நேராகும். எந்தப் பொருளை வாங்குவது, எண்ணெய் விடலாமா, எப்போது போல்ட்டை இறுக்குவது என்ற எல்லாக் கேள்விக்கும் விடை இதிலிருந்தே கிளைக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் செய்யும் வேலை, புதுப் பாகத்தையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

வழுக்கும் புஷ்கள்

பழைய கார்களில் மிகுதியாக இருப்பது இந்த வகை. எஃகுப் பின்னைச் சுற்றி வெண்கலக் குழாய். பட்டறைகளில் இதை கன்மெட்டல் புஷ் என்பார்கள். தரமானது பாஸ்பர் பிரான்ஸ், அதாவது பாஸ்பரஸ் கலந்த வெண்கலம். எஃகைவிட மென்மையானது என்பதால் தேய்மானத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. இதன் உயிர் உயவில் இருக்கிறது. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் கிரீஸ் அல்லது எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தை நேரடியாக உரசாது. படலம் போய்விட்டால் தூசியும் துருவும் சேர்ந்து அரம்போல அறுக்கத் தொடங்கும்.

அந்தக் காலப் பொறியாளர்கள் இதற்காக எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் மரியாதை வருகிறது. 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு மாடல் டி காரில் மூடி போட்ட சின்ன எண்ணெய்க் கிண்ணங்கள் இருந்தன. ஓட்டுநர் எண்ணெய்க் கேனோடு சுற்றிவந்து சொட்டுவிட வேண்டும். பிறகு கிரீஸ் துப்பாக்கி வந்தது. இன்றும் நாம் பயன்படுத்தும் குமிழ் வடிவ கிரீஸ் நிப்பிளுக்கு, அதாவது கிரீஸ் ஏற்றும் முனைக்கு, ஆஸ்கர் செர்க் 1929இல் காப்புரிமை பெற்றார். பேக்கார்டு, ரோல்ஸ் ராய்ஸ் போன்ற உயர்ரகக் கார்களில் 1930களில் பிஜூர் என்ற மைய உயவு முறையும் இருந்தது. ஒரு பம்பை இயக்கினால் மெல்லிய குழாய்கள் வழியாக அடிச்சட்டத்தின் பல இணைப்புகளுக்கும் எண்ணெய் போய்ச் சேரும். அழகான ஏற்பாடு. ஆனால் அளவு பார்த்து விடும் முனைகளில் ஒன்று அடைத்துக்கொண்டால், மற்ற இடங்களுக்கெல்லாம் எண்ணெய் போக அந்த ஒரு புஷ் மட்டும் காய்ந்துகிடக்கும். அதனால் பம்ப் வேலை செய்கிறது என்பதோடு நிற்காமல், ஒவ்வொரு முனையிலும் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய்க்கான அந்தக் குழாய்களில் கிரீஸை ஏற்றிவிடவும் கூடாது.

வெண்கலத்திலேயே இன்னொரு வகை, உலோகத் தூளை அழுத்திச் சூடேற்றிச் செய்தது. அதன் உடலெங்கும் நுண்துளைகள். பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்தான். ஸ்டீயரிங் தண்டு, பெடல் அச்சு போன்ற இலகுவான இடங்களுக்கு இது நல்லது. சக்கரத்தின் அடியை நேராக வாங்கும் கிங் பின்னுக்கும் ஸ்பிரிங் கண்ணுக்கும் வார்ப்பு பாஸ்பர் பிரான்ஸையே நான் நம்புவேன். அதிர்ச்சி தாங்கும் வலு அதற்குத்தான் அதிகம். நுண்துளை புஷ்ஷை மழுங்கிய ரீமரால் (துளையை அளவுக்குக் குடையும் கருவி) குடைந்தால் துளைகள் மூடிக்கொண்டு எண்ணெய் வெளியே வர வழியில்லாமல் போகும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்றாவது, மரையுள்ள புஷ். 1930களின் நடுவிலிருந்து 1950கள் வரை பல அமெரிக்கக் கார்களின் முன்பக்க சஸ்பென்ஷனில் இதைப் பார்க்கலாம். பின்னிலும் புஷ்ஷிலும் மரை வெட்டியிருக்கும்; விஷ்போன் கை மேலும் கீழும் அசையும்போது மரைக்குள் மரை சற்றே திரும்பும். உரசும் பரப்பு அதிகம், மரைப் பள்ளங்களில் கிரீஸும் தங்கும். இந்த வகையில் அச்சின் வாக்கில் சிறிது ஆட்டம் புதிதிலேயே இருக்கும். அதைப் பார்த்துப் பதறி மாற்ற வேண்டியதில்லை.

பிரிட்டிஷ் கார்களில் 1948 முதல் 1971 வரை வந்த மோரிஸ் மைனரும், 1959இல் அறிமுகமான டிரையம்ஃப் ஹெரால்டும் முன் சக்கரம் திரும்பவே மரை இணைப்பை வைத்திருந்தன, டிரனியன் என்பார்கள். இங்கே உயவைத் தவறவிட்டால் வருவது வெறும் சத்தமல்ல. மைனரில் மரை முழுதும் தேய்ந்து கழன்றால் முன் சக்கரம் அப்படியே மடங்கி வண்டி அமர்ந்துவிடும். ஹெரால்டில் வெண்கல டிரனியனுக்குள் தண்ணீர் இறங்கி எஃகுத் தண்டு துருப்பிடித்து ஒடிவது தெரிந்த ஆபத்து. ஹெரால்டின் டிரனியனுக்கு கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில்தான் விதி. கிரீஸ் இறுகி வழியை அடைத்துவிட்டால் அடி மரைக்கு எதுவுமே போகாது. இந்தக் கார்களில் ஒன்றை வைத்திருப்பவர் மற்ற எந்த வேலையையும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடக்கூடாது.

முறுக்கிக்கொள்ளும் புஷ்கள்

வெளியே ஓர் உலோகக் குழாய், உள்ளே ஒரு சின்னக் குழாய், நடுவில் ரப்பர். சைலன்ட்பிளாக் என்ற பெயரில் இரு உலகப் போர்களுக்கு நடுவே பரவியது இந்த ஏற்பாடு. போல்ட்டை இறுக்கும்போது உள்குழாய் சட்டத்தோடு இறுகிவிடும். வெளிக்குழாய் விஷ்போன் கையோடு இறுகியிருக்கும். கை அசையும்போது எதுவும் வழுக்குவதில்லை. நடுவிலுள்ள ரப்பர் மட்டும் சில பாகை முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. அதனால்தான் இதற்கு நிப்பிளும் இல்லை, கிரீஸும் வேண்டாம்.

இதிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. இரண்டையும் மீறுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

முதல் விதி, போல்ட்டைக் கடைசியாக இறுக்குவது வண்டி தன் சக்கரங்களில் தன் எடையோடு நிற்கும்போதுதான். வண்டியைத் தூக்கி வைத்து, கை கீழே தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், அந்தத் தொங்கும் நிலையே ரப்பருக்கு ஓய்வு நிலையாகிவிடும். வண்டியை இறக்கியதும் நிற்கும்போதே அது முறுக்கிய நிலையில் இருக்கும். பள்ளம் மேட்டில் இன்னும் முறுக்கிக்கொள்ளும். சில ஆயிரம் கிலோமீட்டரில் ரப்பர் கிழிந்துவிடும், வண்டியின் உயரமும் சரியாக வராது. "புது புஷ் போட்டேன், ஒரு வருடம்கூட வரவில்லை" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. தூக்கிய நிலையில் நட்டைக் கையிறுக்கமாக விட்டு, இறக்கி, முன்னும் பின்னும் சற்று உருட்டி, வண்டியை அழுத்தி ஆட்டி அமரவிட்ட பிறகு முழு இறுக்கம் கொடுங்கள்.

இரண்டாவது, எண்ணெய் காட்டாதீர்கள். இயற்கை ரப்பர் பெட்ரோலியம் எண்ணெயைக் குடித்து உப்பும், பிறகு மென்மையாகி உதிரும். ரப்பர் புஷ் கிறீச்சிட்டால் எண்ணெய் தெளிப்பது பலருக்குப் பழக்கம். சத்தம் அடங்கும், உண்மைதான். ஆனால் வழுக்கவே கூடாத இடம் கிறீச்சிடுகிறது என்றால் அங்கே ஏதோ வழுக்குகிறது என்றுதான் பொருள். போல்ட் தளர்ந்திருக்கலாம், ரப்பர் உலோகத்தை விட்டுப் பிரிந்திருக்கலாம். கிறீச்சொலி சொல்ல வந்த செய்தியை எண்ணெய் மறைத்துவிடும். ரப்பரை உள்ளே தள்ளும்போது வழுக்க ஏதாவது வேண்டுமென்றால் சோப்புத் தண்ணீர் போதும். காய்ந்ததும் ரப்பர் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

எதை வாங்குவது?

என் பரிந்துரை எளியது: கார் எந்த வகையோடு பிறந்ததோ அந்த வகையிலேயே தொடங்குங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள ஷேக்கிளில் ரப்பரைத் திணிப்பதும், ரப்பருக்கு வடிவமைத்த கண்ணில் கன்மெட்டல் கடைந்து போடுவதும் மற்ற பாகங்களின் கணக்கைக் குலைக்கும்.

பாலியூரித்தேன் புஷ்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். சஸ்பென்ஷன் ரப்பரின் கடினம் பெரும்பாலும் ஷோர் ஏ அளவில் 50 முதல் 70 வரை. பாலியூரித்தேன் பெரும்பாலும் 80க்கு மேல் 95 வரை போகும். எண்ணெய் பட்டால் எளிதில் கெடாது, நெடுநாள் உழைக்கும், ஸ்டீயரிங் கூர்மையாகும். இவை உண்மையான நன்மைகள். ஆனால் பெரும்பாலான பாலியூரித்தேன் புஷ்கள் ரப்பர்போல உலோகத்தோடு ஒட்டப்பட்டவை அல்ல. உள்குழாயைச் சுற்றி வழுக்குபவை. அதாவது முறுக்கும் வகையை எடுத்துவிட்டு வழுக்கும் வகையைப் போடுகிறீர்கள். அதனால் அதற்கு உயவு வேண்டும், அதுவும் சிலிக்கோன் கிரீஸ், காய்ந்தால் கத்தும். இன்னொன்று, சில கைகள் மேலும் கீழும் மட்டுமல்ல, சற்றுச் சாய்ந்தும் திரும்பியும் அசையும்படி அமைந்தவை. ரப்பர் அந்தச் சாய்வுக்கு வளைந்துகொடுத்தது. விறைப்பான பாலியூரித்தேன் கொடுக்காது. அந்த விசை எல்லாம் எண்பது வயதான இரும்புச் சட்டத்தின் போல்ட் துளைகளுக்குப் போகும், அங்கே விரிசல் விழலாம். கடினமானது என்பதாலேயே அது மேம்பாடு ஆகிவிடாது.

நடுவழியும் உண்டு. 1962இல் வந்த எம்ஜிபி காரின் முன் விஷ்போனில் சாதாரண ரப்பர் புஷ்கள் இருந்தன. 1973 முதல் 1976 வரை வந்த அதன் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்) வகைக்கு ரப்பரும் உலோகமும் ஒட்டிய உறுதியான புஷ்களைத் தொழிற்சாலையே போட்டது. அவை சாதாரண எம்ஜிபியிலும் பொருந்தும். இருப்பது ரப்பரேதான், முறுக்கும் வகையேதான், உழைப்பு மட்டும் கூடுதல். உங்கள் காரின் பிந்தைய அல்லது கனமான வகையில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று உதிரிப் பாகப் பட்டியலில் தேடுங்கள். அதுதான் எனக்குப் பிடித்த மேம்பாடு.

பெட்டி பிரிக்காத பழைய கையிருப்பு ரப்பரைக் கண்டால் ஆசை வரும். வெண்கலம் என்றால் தாராளமாக வாங்கலாம். ரப்பர் என்றால் வேண்டாம். பெட்டிக்குள் இருந்தாலும் ஆக்சிஜனும் ஓசோனும் வெப்பமும் அதை முதுமையாக்கிக்கொண்டேதான் இருக்கும். மடக்கிப் பார்த்தால் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றனவா, நகத்தால் அழுத்தினால் உடனே திரும்புகிறதா என்று பாருங்கள். புதிதாகச் செய்த நகல்களிலும் தரம் ஏறி இறங்கும்; ரப்பர் உலோகத்தோடு விளிம்புவரை ஒட்டியிருக்கிறதா என்பதை வாங்கும்போதே சோதியுங்கள்.

எங்கே ஆட்டம் என்று கண்டுபிடிப்பது

புஷ்ஷைக் குற்றம் சொல்வதற்கு முன் டயர் காற்றழுத்தம், சக்கர பேரிங், ஷாக் அப்சார்பர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பிறகு முன் அச்சைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கிகள் மேல் வைத்து, சக்கரத்தின் மேல் பக்கத்தையும் கீழ்ப் பக்கத்தையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக், சக்கரத்தை அது சுழலும் குட்டை அச்சான ஸ்டப் ஆக்ஸிலோடு பூட்டிவிடும். அப்போது ஆட்டம் மறைந்தால் கோளாறு பேரிங்கில், மறையாவிட்டால் கிங் பின்னில். இடம் வலமாகப் பிடித்து ஆட்டினால் சக்கரங்களை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட்டின் முனை, ஐட்லர் ஆர்ம் ஆகியவற்றின் ஆட்டம் தெரியும்.

இதில் ஒரு கணக்கு மனதில் இருந்தால் நல்லது. கிங் பின்னின் மேல் புஷ்ஷுக்கும் கீழ் புஷ்ஷுக்கும் 150 மி.மீ. தூரம், டயரின் விட்டம் 700 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு புஷ்ஷிலும் 0.2 மி.மீ. இடைவெளி இருந்தால், டயரின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 2 மி.மீ. ஆடும். கையில் தெரியும் ஆட்டம் பெரிதாக இருந்தாலும் தேய்மானம் சிறிதாக இருக்கலாம். சிறிய தேய்மானமும் சக்கரத்தில் பெரிதாகும்.

ரப்பர் புஷ்ஷுக்குக் கடப்பாரை போன்ற நெம்புகோலை வைத்து மெல்ல நெம்புங்கள். உள்குழாய் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலோ, ரப்பர் காளான்போல வெளியே பிதுங்கியிருந்தாலோ அதன் காலம் முடிந்தது. பிரேக் பிடித்த நொடியில் ஒரு 'டக்', விட்ட நொடியில் இன்னொரு 'டக்' என்றால் பெரும்பாலும் விஷ்போன் அல்லது ஸ்பிரிங் கண்.

ஸ்டீயரிங் பெட்டியில் ஒரு எச்சரிக்கை. பெட்டியின் மேலிருக்கும் திருகை இறுக்கினால் ஆட்டம் குறைவதுபோல் இருக்கும். ஆனால் வெளியே இறங்கும் தண்டின் புஷ் தேய்ந்திருந்தால் தண்டே பக்கவாட்டில் ஆடும். திருகு அதைச் சரிசெய்யாது. கியர் பல்லோ நேராக ஓடும் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடுவுக்காக இறுக்கினால் முழுத் திருப்பத்தில் பிடித்துக்கொள்ளும். தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அதைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் புஷ், சீல், திருகு பிறகு.

கழற்றி மாட்டும்போது

பழைய ரப்பரைத் தீ வைத்து எடுக்காதீர்கள். புகை நச்சு, பட்டை ஸ்பிரிங்கின் கண் சூடேறினால் அதன் விறைப்பும் போய்விடும். ரப்பரைத் துளையிட்டு எடுத்துவிட்டு, வெளிக்குழாயை ஹேக்சா பிளேடால் உள்ளிருந்து நீளவாக்கில் அறுத்தால் அது சுருங்கி வந்துவிடும். கண்ணின் உலோகத்தில் பிளேடு படக்கூடாது. புதியதை ஏற்றச் சுத்தியல் வேண்டாம். நீண்ட போல்ட், தடித்த வாஷர்கள், ஒரு குழாய்த் துண்டு இருந்தால் நட்டைத் திருகியே நேராக இழுத்துவிடலாம். விசை வெளிக்குழாயின் விளிம்பில் மட்டுமே விழ வேண்டும்.

கிங் பின் புஷ் இன்னும் நுட்பமானது. முதலில் புஷ்ஷிலுள்ள கிரீஸ் துளை நிப்பிள் துளைக்கு நேராக இருக்கிறதா பாருங்கள். திரும்பி ஏறிவிட்டால் பிறகு எவ்வளவு கிரீஸ் அடித்தாலும் உள்ளே போகாது. புஷ்ஷை அழுத்தி ஏற்றும்போது அதன் உள்துளை சற்றுச் சுருங்கும். அதனால்தான் ஏற்றிய பின் ரீமரால் அளவு எடுக்க வேண்டியிருக்கிறது. மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் தனித்தனியாகக் குடைந்தால் இரண்டும் ஒரே கோட்டில் வராது. ஒன்றின் வழியாக மற்றொன்றுக்கு வழிகாட்டும் நீண்ட ரீமர்தான் வேண்டும். வெட்டும் திசையில் மட்டுமே திருப்புங்கள், வெளியே எடுக்கும்போதும் பின்னோக்கிச் சுற்றக்கூடாது. கையேட்டில் வேறு அளவு இல்லையென்றால் 0.025 முதல் 0.05 மி.மீ. இடைவெளி வழக்கமானது. எண்ணெய் தடவிய பின், கட்டைவிரலால் அழுத்தினால் மெல்ல இறங்க வேண்டும், தானாக விழக்கூடாது. இந்த அளவுக்கு ரீமரோ கை நிதானமோ இல்லையென்றால் நல்ல லேத் பட்டறையிடம் கொடுப்பதே மேல். கிங் பின் இறுகிப்போனால் திருப்பம் முடிந்த பின் ஸ்டீயரிங் தானாக நேர் நிலைக்குத் திரும்பாது.

பிறகு பராமரிப்பு

வழுக்கும் புஷ்களுக்கு அந்தக் காலக் கையேடுகள் பெரும்பாலும் 500 அல்லது 1000 மைலுக்கு ஒரு முறை, அதாவது 800 அல்லது 1600 கி.மீ.க்கு, கிரீஸ் கேட்கும். அதிகம் ஓடாத காருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிப்பது நல்லது என்பது என் கருத்து; ஈரம் ஓடாத வண்டியில்தான் வசதியாகத் தங்குகிறது. நிப்பிளைத் துடைத்துவிட்டு, முன் அச்சைத் தூக்கி வைத்து அடியுங்கள். எடை சுமந்து நிற்கும்போது பின் ஒரு பக்கமாக அழுந்தியிருப்பதால் கிரீஸ் சுமையில்லாத பக்கம் மட்டுமே போகும். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே வந்து, பிறகு சுத்தமானது எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஓர் ஓரத்தில் மட்டும் வந்து மறு ஓரத்தில் வராவிட்டால் உள்ளே வழி அடைத்திருக்கிறது. வெண்கலம் உள்ள இடங்களில் கியர் ஆயில் விடுவதென்றால் ஜிஎல்-4 வகையாகப் பார்த்து வாங்குங்கள். சில ஜிஎல்-5 எண்ணெய்களிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெண்கலத்தை அரிக்கும்.

ரப்பருக்குச் செய்ய வேண்டியது குறைவு. எஞ்சின் ஆயில் கசிவு அதன்மேல் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீண்ட நாள் நிறுத்திவைக்கும்போது டயரைக் காக்க வண்டியைத் தாங்கிகள் மேல் ஏற்றுவது வழக்கம். சட்டத்துக்கு அடியில் தாங்கி வைத்தால் சஸ்பென்ஷன் தொங்கி, மாதக்கணக்கில் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். அச்சுக்கு அடியிலோ கீழ்க்கைக்கு அடியிலோ வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

புஷ்களை மாற்றி முடித்ததும் சக்கர அலைன்மென்ட் பார்க்காமல் நெடுந்தூரம் போகாதீர்கள். தேய்ந்த புஷ்களோடு யாரோ ஒருகாலத்தில் சரிசெய்த டோ-இன் அளவு (முன் சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கியிருக்கும் அளவு), புது புஷ்களோடு பொருந்தாது. முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் ஒவ்வொரு போல்ட்டின் இறுக்கத்தையும் மறுபடி சோதியுங்கள். ரப்பர் புஷ் போல்ட்களைச் சோதிக்கும்போதும் வண்டி தன் சக்கரங்களில்தான் நிற்க வேண்டும்.